லாரமிக்கு மேற்கே: கார் விற்றது விளம்பரமா, தவணையா?

   நான் நேரே பொருளுக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் 1920களில் காரை நடுத்தரக் குடும்பங்களிடம் கொண்டு சேர்த்தது எது? விளம்பரம் என்பது நம் ஆய்வுத் துறையில் பலருடைய கட்சி. கடன் என்பது என் கட்சி. இந்த வழக்கு உங்களுக்குப் பழகியதுதான். எதிர்த்தரப்பு முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறது.

அவர்கள் எப்போதும் நீட்டும் சான்று, 1923 ஜூனில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் வந்த 'லாரமிக்கு மேற்கே எங்கோ' என்னும் ஜோர்டான் பிளேபாய் கார் விளம்பரம். அதையே எடுத்துக்கொள்வோம். எழுதியவர் கம்பெனி முதலாளி நெட் ஜோர்டானேதான். பத்திரிகைக்காரராக இருந்து, ஜெஃப்ரி கார் கம்பெனியின் விளம்பரங்களைக் கவனித்து, 1916இல் கிளீவ்லாந்தில் சொந்தத் தொழில் தொடங்கியவர். லாரமி ஊர் உள்ள வயோமிங் மாநிலத்தின் வழியே ரயிலில் போகையில், குதிரைமேல் ஒரு பெண் ரயிலோடு போட்டி போட்டு வந்தாளாம். இது எந்த இடம் என்று இவர் கேட்க, உடன் வந்தவர் சொன்ன பதிலே தலைப்பாயிற்றாம். விளம்பரக்காரர் தம் விளம்பரத்தைப் பற்றிச் சொல்லும் கதையை நான் பாதிதான் நம்புவது.

படத்தைப் பாருங்கள். திறந்த கார் பாய்கிறது, ஓட்டுபவள் பெண், குதிரையில் ஒருவன் அதனோடு போட்டியிடுகிறான். கீழே உள்ள வாசகத்தில் வெயில், இளமை எல்லாம் உண்டு. விலை இல்லை, எஞ்சின் பற்றி ஒரு சொல் இல்லை. எப்படி இருக்கும்? எஞ்சின் கான்டினென்டல் கம்பெனியுடையது. முக்கிய பாகங்களை வெளியே வாங்கிப் பூட்டிய கார் அது. அடுத்தவன் செய்த எஞ்சினைப் பற்றி இவர் என்ன பெருமை பேச முடியும்? அந்தக் கவித்துவத்துக்கு இதுவும் ஒரு காரணம். நண்பர்கள் இதை மட்டும் சொல்வதில்லை. காரைப் பற்றிப் பேசாமல் கார் விற்கும் உத்தியும் ஜோர்டான் கண்டுபிடித்ததல்ல. 1915 ஜனவரியில் அதே இதழில் தியோடர் மக்மானஸ் காடிலாக்குக்காக எழுதிய 'தலைமையின் தண்டனை' என்னும் விளம்பரக் கட்டுரைக்குள் காரைப் பற்றிய பேச்சே கிடையாது.

சரி, பிறகு என்ன ஆயிற்று? 1927இல் ஜோர்டான் கொண்டுவந்த சிறிய சொகுசுக் கார் எடுபடவில்லை. 1931இல் கம்பெனி மூடப்பட்டது. அவ்வளவு புகழ்பெற்ற கார் விளம்பரம் வெளிவந்து எட்டே ஆண்டுகள்!

மறுபக்கம் ஃபோர்டு. 1917 முதல் 1923 வரை கம்பெனி நாடளாவிய விளம்பரத்தையே நிறுத்தி வைத்தது. உள்ளூர் ஏஜெண்டுகள் தம் செலவில் விளம்பரம் செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் 1921இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பாதிக்குமேல் ஃபோர்டு.

அந்த ஃபோர்டைச் சரித்தது தவணை. ஜெனரல் மோட்டார்ஸ் 1919இலேயே கடன் நிறுவனம் தொடங்கிவிட்டது. 1920களின் நடுவில் புதுக் கார்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு தவணையில் போயின. கடனை வெறுத்த ஹென்றி ஃபோர்டு 1923இல் வாரம் 5 டாலர் சேமிப்புத் திட்டம் கொண்டுவந்தார். பணம் முழுதும் சேர்ந்த பிறகே கார். முன்பணம் கட்டி இன்றே ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே காரை எடுத்துப் போகலாம் என்றால் யார் காத்திருப்பார்? 1927இல் ஃபோர்டின் மாடல் டி காரின் உற்பத்தி நின்றது. 1928இல் ஃபோர்டும் கடன் கம்பெனி தொடங்கினார்.

நேரமாகிவிட்டது. பெண்களை நோக்கிய விளம்பரங்கள் தனியே ஆராயத்தக்கவை. நம் ஊர்ப் பக்கம் வந்தால், சென்னையின் ஆடிசன், சிம்ப்சன் கம்பெனிகளின் கார் விளம்பரங்களைத் தொகுக்கலாம். 1954இல் தொடங்கிய வாகனக் கடன் நிறுவனமான சுந்தரம் ஃபைனான்ஸ் பற்றியும் இதே கோணத்தில் எழுதலாம். ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய இதழ்களின் வண்ணப் பக்கங்களை ஓரம் வைத்துவிட்டு, கார் ஏஜெண்டுகளின் தவணைக் கணக்கேடுகளைத் தேடுங்கள்.