துன்பத்தில் பிறந்த சொற்கள்



ஆங்கிலத்தில் 'டிராவெய்ல்' என்றொரு சொல் உண்டு. கடுந்துன்பம், கடுமுயற்சி, மகப்பேற்று வலி என்பன அதன் பொருள்கள். மூன்று முளைகளாலான வதைக்கருவியைக் குறித்த 'டிரிபாலியம்' எனும் இலத்தீன் சொல்லே இதன் மூலம் என்பர் சொற்பிறப்பியலார். அதன் வழிவந்த பிரெஞ்சுச் சொல் இன்று 'வேலை' எனும் பொருளையே பெரிதும் தருகிறது. ஆங்கிலத்தில் அஃது இரண்டாகக் கிளைத்தது: துன்பம் 'டிராவெய்ல்' ஆயிற்று; பயணம் 'டிராவல்' ஆயிற்று. அக்காலத்தில் வழிச்செலவே பெருந்துன்பமாக இருந்தது அன்றோ!

தமிழும் இவ்வழியில் நடந்திருக்கிறது. 'படு' எனும் வினையடியாகப் பிறந்தது 'பாடு'. 'பட்ட பாடு' என்றால் துன்பம். 'பாடுபட்டான்' என்றால் உழைத்தான். உழைப்பவனைப் 'பாட்டாளி' என்கிறோம். 'உழத்தல்' என்பதற்கும் வருந்துதல், முயலுதல் என இரு பொருளும் உண்டு. துன்பமும் உழைப்பும் ஒரு சொல்லில் குடியிருப்பதை ஈரிடத்தும் காண்கிறோம்.

ஆனால், 'பாடு' பயணத்தைக் குறிக்கவில்லை. அக்குறையை நம் வரலாறு நிரப்பியது. 1901இல் திறக்கப்பட்டு, 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய தமிழர் பலர், இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்கள் வாழ்வில் பயணம், உழைப்பு, துன்பம் மூன்றும் ஒன்றாயின.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சொல்லில் இணைந்திருப்பதால், உழைப்புக்குத் துன்பம் இயல்பு என்று கொள்ளலாகாது. 1941இல் இக்கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தோர் உழைப்பை வெறுத்தவரல்லர். கூலி உயர்வு கேட்டனர். பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். மேலாளரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். உழைப்பு இருக்கட்டும், வதை நீங்கட்டும் என்பதே அவற்றின் சாரம். மொழி ஒன்றாகக் கட்டியதை அவர்கள் வாழ்வில் பிரிக்க முயன்றனர்.

மாணவர்களே, வீட்டு முதியோரிடம் 'நீங்கள் பட்ட பாடு என்ன?' என்று கேளுங்கள். அவர்தம் விடையில் எவ்விடத்தில் உழைப்பு முடிகிறது, எவ்விடத்தில் வதை தொடங்குகிறது என்று கூர்ந்து நோக்குங்கள். அகராதி தாராத பொருள் அங்கே கிடைக்கும்.