மெசேஜில் வினை எங்கே?
(அபிஷேகப்பாக்கம் குழுக் கூட்டத்தில் பேசியது)



இங்கிலீஷ் இலக்கணம் என்றதும் பின்வரிசையில் இரண்டு அக்காக்கள் சமையல் வேலை இருக்கு என்று எழுந்துவிட்டார்கள். உட்காருங்கள் அக்கா, இது பரீட்சைக்கு இல்லை. பேங்க் மெசேஜுக்கு.

நம்ம உறுப்பினர் ஒருத்தர் மெசேஜில் தொகையை மட்டும் பார்த்து, பணம் வந்திருக்கு என்று சந்தோஷப்பட்டார். உண்மையில் பணம் போயிருந்தது. தொகையைப் பார்த்தவர் வினையைப் பார்க்கவில்லை. 'கிரெடிட்டட்' என்றால் வரவு, 'டெபிட்டட்' என்றால் பற்று.

தமிழில் வினை கடைசியில் வரும். 'தலைவி பணத்தை' என்றால் காத்திருப்போம்: கட்டினாரா, எடுத்தாரா? இங்கிலீஷில் காத்திருக்க வேண்டாம். 'லீடர் பெய்ட் த மணி': யார் என்று சொன்னதுமே வினை வந்துவிடும். 'பெய்ட்', கட்டினார். அதுதான் பயனிலை.

சில நேரம் வினை தனியாக வராது, துணையோடு வரும். 'வில் பி டெபிட்டட்' என்றால் இனிமேல்தான் எடுப்பார்கள். 'ஹேஸ் பீன் டெபிட்டட்' என்றால் எடுத்தாச்சு. மூன்று சொல்லும் சேர்ந்து ஒரே பயனிலை. பிரித்துப் படித்தால் அர்த்தம் மாறிப்போகும். நடுவில் 'நாட்' இருந்தால் எல்லாமே தலைகீழ். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு 2022 ஜூனிலிருந்து வருஷத்துக்கு 436 ரூபாய், சுரக்ஷா காப்பீட்டுக்கு 20 ரூபாய். மே மாதம் 'வில் பி' என்று வந்தால் கணக்கில் பணம் போட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காப்பீடு நின்றுபோகும். ஜீவன் ஜோதியில் மட்டும் குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடியது 2 லட்சம் ரூபாய்.

இன்னொன்று. 'இவர் எங்கள் தலைவி' என்று நாம் வினையே இல்லாமல் சொல்லிவிடுவோம். இங்கிலீஷில் நடுவில் 'இஸ்' வேண்டும். பல பேர் என்றால் 'ஆர்'. இந்தச் சின்னச் சொல்லை லேசாக நினைக்காதீர்கள். கடன் பத்திரத்தில் 'வீ ஆர் ஜாயிண்ட்லி அண்ட் செவரலி லயபிள்' என்று இருக்கும். யார்? 'வீ', நாம். வினை? 'ஆர்'. என்னவாக இருக்கிறோம்? 'லயபிள்', பொறுப்பாக. சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாக முழுத் தொகைக்கும் பொறுப்பு. மற்றவர்கள் கட்டாவிட்டால் உங்கள் ஒருத்தரிடமே முழுசையும் கேட்கலாம். பட்டம் படித்த நாங்களே ஒருமுறை இந்த வரியைப் படிக்காமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மாசக்கணக்கில் தூக்கம் போச்சு.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பேங்க் மெசேஜை நோட்டில் எழுதி எடுத்து வாருங்கள். கணக்கு எண்ணும் ஓடிபியும் எழுத வேண்டாம். வினைக்கு அடியில் கோடு போட்டு வந்தால் போதும். பேரப்பிள்ளைகளிடம் கேட்டும் போடலாம், தப்பில்லை.