வண்டி யார் பேரில்? சாவி யார் கையில்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிஞ்சு கிளம்புறப்போ ஒரு உறுப்பினர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாங்க. "அக்கா, கரண்ட் ஆட்டோவுக்கு கவர்மெண்டு அம்பதாயிரம் மானியம் தருதாம். குழுவில கடன் போட்டு எடுத்துக் கொடுன்னு வீட்ல சொல்றாங்க. போடலாமா?" என்று கேட்டாங்க. உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியலை. விசாரிச்சிட்டு வந்து எல்லாருக்குமே சொல்றேன் என்றேன். அதைத்தான் இன்றைக்குச் சொல்கிறேன்.

பெட்ரோல், டீசல் புகையைக் குறைக்கணும், வெளிநாட்டு எண்ணெய்க்குக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்தணும் என்று மின்சார வண்டிகளுக்கு மத்திய அரசு 2015 முதல் பணம் ஒதுக்கி வருகிறது. அந்தத் திட்டத்துக்கு ஃபேம் என்று பெயர். அதன் இரண்டாம் கட்டம் 2019 ஏப்ரலில் 10,000 கோடி ரூபாயில் ஆரம்பித்து 2024 மார்ச் வரை நடந்தது. அதற்கப்புறம் 2024 அக்டோபரில் பிஎம் இ-டிரைவ் என்ற புதுத் திட்டம் வந்தது. இதற்கு 10,900 கோடி.

இவ்வளவு கோடியும் எங்கே போகுது? பிஎம் இ-டிரைவில் பெரிய பங்கு, 4,391 கோடி, மின்சார பஸ்களுக்கு. அதுவும் 40 லட்சம் பேருக்கு மேல் வாழும் பெருநகரங்களுக்கு. 2,000 கோடி சார்ஜ் போடும் நிலையங்களுக்கு. ஸ்கூட்டர், ஆட்டோ, ஆம்புலன்ஸ், லாரி எல்லாத்துக்கும் சேர்த்து மானியம் 3,679 கோடி. நம்ம மாதிரி ஆட்களுக்கு எட்டக்கூடியது இந்தக் கடைசிப் பங்குதான்.

இப்போ ஒரு முக்கியமான விஷயம். இந்த மானியம் நம்ம பாஸ்புக்கில் ஏறாது. கம்பெனி பில்லிலேயே விலையைக் குறைத்துக் கொடுக்கணும். பிறகு அந்தப் பணத்தை அரசிடம் கம்பெனி கேட்டு வாங்கிக்கொள்ளும். பிஎம் இ-டிரைவில் அதற்கு ஒரு சீட்டு முறை வைத்தார்கள். வாங்குபவரின் ஆதாரைச் சரிபார்த்து, அவர் செல்போனுக்கு ஒரு மின் சீட்டு வரும். அதில் வாங்குபவரும் கடைக்காரரும் கையெழுத்துப் போடணும். அதாவது, உங்க பேரில் அரசுப் பணம் வாங்கப்பட்டதுக்கு உங்க கையெழுத்துத்தான் சாட்சி. பில்லில் அந்தத் தொகை கழிந்திருக்கா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீங்க.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, முன்பு சில கம்பெனிகள் ஸ்கூட்டருக்கு மானியம் வாங்கிக்கொண்டு, சார்ஜருக்குத் தனியாகக் காசு வாங்கியது வெளியே வந்தது. 2023-ல் அந்தக் காசை வாங்கினவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மானியம் வருஷா வருஷம் ஒரே அளவிலும் இருக்காது. பேட்டரியின் கொள்ளளவைப் பார்த்து, ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. நம்ம கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். பிஎம் இ-டிரைவில் முதல் வருஷம் யூனிட்டுக்கு 5,000 ரூபாய். பதிவு செய்யும் ஆட்டோவுக்கு அதிகபட்சம் 50,000. அடுத்த வருஷம் யூனிட்டுக்கு 2,500. அதிகபட்சம் 25,000 என்று பாதியாகக் குறைந்தது. இருசக்கர, முச்சக்கர வண்டிகளுக்கு இது 2026 மார்ச் 31 வரைக்கும்தான் என்று 2025-ல் அறிவித்தார்கள். அதனால் யாராவது வந்து "அம்பதாயிரம் கிடைக்கும்" என்று சொன்னால், எந்தத் திட்டம், எந்தத் தேதி வரை, பில்லில் எழுதித் தருவீங்களா என்று கேளுங்க.

அடுத்தது கடன் கணக்கு. மானியம் போக இரண்டரை லட்சம் கடன் வாங்குறோம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, நாலு வருஷத் தவணை. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறை என்றால், மாதம் 6,580 ரூபாய்க்கு மேல் கட்டணும். நாலு வருஷத்தில் வட்டி மட்டும் சுமார் 66,000. அதே ஒரு ரூபாய் வட்டியை முழுத் தொகைக்கும் கடைசி வரை போட்டால் வட்டி 1,20,000 ஆகிவிடும். அம்பதாயிரம் மானியமே கிடைத்தாலும், வட்டி அதைவிட அதிகம்! மானியத்தைப் பார்த்து மட்டும் கடன் வாங்கக் கூடாது. ஓடுகிற வண்டியில் தினம் என்ன வரும், நம்ம ஊரில் சவாரி இருக்கா, அதைப் பார்த்து வாங்கணும்.

பேட்டரிக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம், பழுதானால் பக்கத்து டவுனில் பார்ப்பாங்களா என்றும் கேளுங்க. சார்ஜ் போடுவதிலும் கவனம் வேணும். 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜில் போட்ட ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் தகப்பனும் மகளும் இறந்துபோனாங்க. அதற்கப்புறம் அரசு பேட்டரி விதிகளைக் கடுமையாக்கியது. இருந்தாலும், படுக்கிற இடத்திலும் வாசற்படியை அடைச்சும் வண்டியை நிறுத்திச் சார்ஜ் போடாதீங்க.

கடைசியாக ஒன்று. சென்னையில் 2025 மார்ச் 8-ஆம் தேதி பெண்களுக்கான இளஞ்சிவப்பு ஆட்டோ திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. ஒரு லட்சம் மானியம், மீதிக்கு வங்கிக் கடன். பெண்கள்தான் ஓட்டணும் என்பது விதி. கொஞ்ச நாளிலேயே சில ஆட்டோக்களை ஆண்கள் ஓட்டுவது தெரிய வந்தது. அப்படி ஓட்டினால் வண்டியைப் பறிமுதல் செய்வோம் என்று அரசு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

நான் ஆண்களைக் குறை சொல்ல வரலை. குடும்ப வண்டியை வீட்டுக்காரர் ஓட்டுவது தப்பே இல்லை. ஆனா கடன் நம்ம பேரில், வண்டி அவர் பேரில், வருமானம் எங்கே போகுதுன்னே தெரியாது என்றால், தவணை தவறும்போது குழு யார் வீட்டு வாசலில் வந்து நிற்கும்? நம்ம வீட்டு வாசலில்தானே! அதோட போகாது. அந்தக் குழுவில் மீதி இருக்கிற அத்தனை பேருக்கும் அடுத்த கடன் தடைபடும்.

அதனால் வண்டிக் கடன் கேட்டு வந்தால், தீர்மான நோட்டில் மூணு விஷயம் எழுதின பிறகு கடன் கொடுப்போம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, ஆர்.சி. புத்தகம் உறுப்பினர் பேரில் இருக்கணும். இரண்டு, யார் ஓட்டினாலும் தவணைப் பணம் வாரா வாரம் உறுப்பினர் கைக்கு வரணும். மூணு, விலைப் பட்டியலையும் மானியம் கழித்த பில்லையும் குழுவில் வாசித்துக் காட்டணும்.

அன்றைக்குக் கேட்ட அந்தச் சகோதரி இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு என் பதில்: போடலாம்மா, ஆனா இந்த மூணும் எழுதின பிறகு. முடிஞ்சா நீயே எல்.எல்.ஆர். போட்டு ஓட்டக் கத்துக்கோ.

கையெழுத்துப் போட நம்மில் பல பேருக்குக் கத்துக்கொடுத்தது குழுதான். எதையும் படிச்சுப் பார்த்துவிட்டுப் போடவும் குழுவிலேயே கத்துக்குவோம்.