உத்தியோக ஆசனமும் மக்கள் ஆசனமும்

(சேர் பொன்னம்பலம் அருணாசலம் நினைவுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களைப் பற்றிப் பேசுவோர் அவருடைய கல்வியையும் சைவப் பற்றையும் போற்றுவது வழக்கம். நான் இன்று வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அரசாங்கத்தின் அதிகாரியாக முப்பத்தெட்டு ஆண்டுகள் கடமையாற்றிய ஒருவர், மக்களின் பிரதிநிதியாக வர முயன்றபோது என்ன நேர்ந்தது? இக்கேள்விக்கு விடை கண்டால் நமது அரசியலின் பாதி வரலாறு விளங்கிவிடும்.

அருணாசலம் 1853 ஆம் ஆண்டிற் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் கற்று, போட்டிப் பரீட்சையிலே தேறி, 1875 இல் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்தார். போட்டிப் பரீட்சை மூலம் அச்சேவையில் இடம்பெற்ற முதல் இலங்கையர் அவரே. அக்காலத்திலே மாகாணங்களை ஆண்டவர்கள் 'ஏசண்டுத் துரை' என்று மக்கள் அழைத்த வெள்ளையர்கள். கச்சேரியின் தலைமை அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. சேவையிற் புகுந்த இலங்கையரைப் பெரும்பாலும் நீதிபரிபாலனத் துறையிலேயே நிறுத்திவைத்தனர். அருணாசலமும் நாட்டின் பல பகுதிகளிலே நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தார். பின்னர் பதிவாளர் நாயகமானார். காணிப் பதிவையும் பிறப்பு இறப்புப் பதிவையும் ஒழுங்குபடுத்தினார். 1901 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்தி, இந்நாட்டு மக்களின் வரலாற்றையும் வாழ்க்கையையும் விரித்துரைக்கும் பேரறிக்கையை எழுதினார்.

சட்ட நிரூபண சபையில் அவருக்கு ஆசனம் இருந்ததே என்று சிலர் கேட்கக்கூடும். இருந்தது. ஆனால் அது உத்தியோக அங்கத்தவரின் ஆசனம். அதிலே அமர்ந்தவர் அரசாங்கத்தின் பக்கமே கை உயர்த்த வேண்டும். 1912 இல் நிருவாக சபையிலும் இடம்பெற்றார். அந்த இடத்தை அளித்தவரும் தேசாதிபதியே. மேலிருந்து வந்த அதிகாரம் மேலே உள்ளவருக்குத்தான் கணக்குக் கொடுக்கும். கீழே நிற்கும் குடியானவன் மனுக் கொடுக்கலாம். கணக்குக் கேட்க முடியாது. இந்த வேறுபாட்டை அருணாசலத்தை விட நன்கு உணர்ந்தவர் எவருமிலர். அதனுள்ளேயே அவர் வாழ்ந்தவர்.

1913 இல் ஓய்வுபெற்றார். உபகாரச் சம்பளமும் பட்டமும் பெற்ற ஒருவர் பூசையறையிலும் நூலகத்திலும் காலங் கழித்திருந்தால் எவரும் குறைகூறியிரார். அவரோ 1915 இல் சமூக சேவைச் சங்கத்தைத் தொடங்கினார். 1917 இல் 'நமது அரசியல் தேவைகள்' என்ற பிரசித்திபெற்ற பிரசங்கத்தைச் செய்தார். அதே ஆண்டில் இலங்கைச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்தார். தோட்டத் தொழிலாளி ஒப்பந்தத்தை மீறினால் அவனைக் குற்றவாளியாக்கிய சட்டங்களை எதிர்த்தார். 1919 இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கத்தையும் நிறுவினார். அவ்வாண்டு டிசெம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தபோது அதன் முதற் றலைவராக அவரே தெரிவு செய்யப்பட்டார். சிங்களவரும் தமிழரும் ஒருங்கே கூடி அளித்த பதவி அது.

அவருடைய தமையனார் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவ்வழியிலே முன்னரே நடந்தவர். சொலிசிட்டர் ஜெனரல் பதவியிலிருந்து 1906 இல் ஓய்வுபெற்று, 1911 இல் படித்த இலங்கையரின் ஆசனத்துக்குப் போட்டியிட்டு வென்றார். வாக்காளரிற் பெரும்பாலோர் சிங்களவர். ஆயினும் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட சனத்தொகையுள்ள நாட்டிலே அன்று வாக்குரிமை பெற்றிருந்தோர் மூவாயிரத்துக்கும் குறைந்தவர்களே. அந்த வெற்றியை மெச்சும்போது இந்த அளவையும் மறத்தல் ஆகாது.

இனி, நம் கேள்வியின் மையத்துக்கு வருவோம். இனவாரிப் பிரதிநிதித்துவத்தை விட்டுத் தொகுதிவாரிப் பிரதிநிதித்துவத்தைத் தழுவ வேண்டுமென்று காங்கிரஸ் கேட்டது. தொகுதிவாரி முறையிலே சிறுபான்மையினரின் கதி என்ன என்று யாழ்ப்பாணத்தார் அஞ்சினர். அவ்வச்சத்தைத் தீர்ப்பதற்காக, மேல் மாகாணத்திலே தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்போம் என்று ஜேம்ஸ் பீரிஸ், ஈ. ஜே. சமரவிக்கிரம என்னும் இரு சிங்களத் தலைவர்கள் 1918 டிசெம்பரில் எழுத்தில் உறுதியளித்தனர். அவ்வுறுதியை நம்பியே அருணாசலம் தம் மக்களைக் காங்கிரஸுக்கு அழைத்து வந்தார்.

1920 ஆம் ஆண்டின் சீர்திருத்தத்திலே அந்த ஆசனம் இடம்பெறவில்லை. 1921 இல் தேர்தல் வந்தது. கொழும்பு நகரத் தொகுதி அருணாசலத்துக்குக் கிடைக்குமென எதிர்பார்க்கப்பட்டது. காங்கிரஸை ஆக்கியவருக்கு அது கொடுக்கப்படவில்லை; ஜேம்ஸ் பீரிஸ் அவ்வாசனத்தில் அமர்ந்தார். அருணாசலம் காங்கிரஸை விட்டு வெளியேறினார். 1923 இல் இலங்கைத் தமிழ் லீக்கை நிறுவினார். 1924 ஜனவரியில், தலயாத்திரை சென்றிருந்த வேளையிலே, மதுரையில் உயிர்நீத்தார். மக்களின் வாக்குப் பெற்றுச் சட்டசபையில் அமரும் பேறு அவருக்குக் கிட்டவேயில்லை.

இதை ஒரு மனிதரின் ஏமாற்றமாக மட்டும் கொள்வது பிழை. ஆசனம் கிடைக்காத கோபத்தினால் வெளியேறினார் என்று அன்றும் சிலர் பேசினர். அவருக்குப் பதவி புதிதா? முப்பத்தெட்டு ஆண்டுகளாகப் பதவியில் இருந்தவர் அவர். அவர் கேட்டது வேறு: கொடுத்த வாக்கு நிற்குமா, நிற்காதா? காணிப் பதிவேட்டைக் காத்தவருக்கு, பதியப்படாத உறுதியின் பெறுமதி தெரியாமலிருக்க முடியாது. இருந்தும் அரசியலிலே நண்பரின் கையெழுத்தை அவர் நம்பினார். இருவர் இட்ட கையெழுத்து, அவர்கள் சார்ந்த கட்சியையும் கட்டவில்லை, தேசாதிபதியையும் கட்டவில்லை. நம்பியது குற்றமன்று. அந்நம்பிக்கையைச் சட்டமாக்காமல் விட்டதே குறை. அதன் விலையை அவருக்குப் பின் வந்த தலைமுறைகளும் கொடுத்தன.

இளைஞர்களே, உங்களிற் பலர் அரசாங்க உத்தியோகத்துக்குச் செல்வீர்கள். சிலர் அதைவிட்டு மக்கள் முன் வாக்குக் கேட்கவும் வருவீர்கள். அருணாசலத்திடமிருந்து இரண்டைக் கற்றுக்கொள்ளுங்கள். உத்தியோகத்தில் இருக்கும்போது, அவரைப் போல மக்களை எண்ணிக் கணக்கிட்டு, அவர்தம் நிலையை அறிந்து எழுதுங்கள். அந்த அறிவின்றி மேடையேறுபவன் வெறும் பேச்சாளன். மக்களின் பிரதிநிதியானபின், அவர்களுடைய உரிமையை எவருடைய நல்லெண்ணத்திலும் ஈடுவைக்காதீர்கள். கடிதத்திலே தரப்படுவதைச் சட்டத்திலே கேளுங்கள்.

கொழும்பிலே, பழைய சட்டசபைக் கட்டிடத்தின் வளவிலே அவருடைய சிலை நிற்கிறது. அவ்வழியே செல்லும்போது ஒருகணம் நின்று பாருங்கள். மக்களாட்சி வேண்டுமென்று கேட்டவர் வெளியே நிற்கிறார். அவர் கேட்ட உறுதி சட்டமாகும்வரை அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் தீர்ந்ததாகாது.