தன்னிறைவு என்னும் சொல்லுக்குள் எத்தனை பேர்?

ஒஸ்லோவில் இப்போது மாலை ஆறு மணி. கனடாவில் இருப்பவர்கள் மதியச் சாப்பாட்டோடு இணைந்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் விழித்திருந்து கேட்பவர்களுக்கு நள்ளிரவும் தாண்டியிருக்கும். அவர்களுக்கு என் தனி நன்றி.

இன்று பேச எடுத்துக்கொண்டது தன்னிறைவு என்ற ஒரு சொல். புலம்பெயர்ந்த நாம் ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தச் சொல் வந்துவிடும். "எங்கட ஊரில எல்லாம் இருந்தது. உப்பைத் தவிர கடையில ஒன்றும் வாங்கினதில்லை" என்று சொல்லாத பெரியவர் இல்லை. நான் வாழும் நோர்வேயிலும் இதே பேச்சு உண்டு. மீன் பிடித்தோம், மான் வேட்டையாடினோம், உருளைக்கிழங்கு விளைவித்தோம், யாரிடமும் கையேந்தவில்லை என்பார்கள். இந்தப் பெருமையை நான் கேலி செய்ய வரவில்லை. அந்த வாழ்க்கை எப்படி நடந்தது, அதை யார் யார் தாங்கினார்கள் என்று கொஞ்சம் எண்ணிப்பார்க்கலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

ஒரு நாவலிலிருந்து தொடங்குகிறேன். க்னூட் ஹாம்சுன் 1917ல் எழுதிய நாவலை க.நா.சு. 'நிலவளம்' என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தார். உங்களில் பலர் படித்திருப்பீர்கள். 1920ல் ஹாம்சுனுக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்த நாவலுக்காகவே. ஈசாக் என்ற ஒருவன் ஆளில்லாத காட்டுக்குள் நடந்துபோகிறான். நிலத்தைப் பார்த்து, குடிசை போட்டு, ஆடு வளர்த்து, கல் பொறுக்கி, விதைக்கிறான். இங்கர் என்ற பெண் வந்து சேர்கிறாள். ஒரு பண்ணை உருவாகிறது. நகரத்தில் அலுத்துப்போன மனிதன் எவனும் இந்த நாவலைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடாமல் இருக்க முடியாது.

ஆனால் நாவலைக் கவனித்துப் படியுங்கள். ஈசாக் முதலில் செய்வது என்ன? மரப்பட்டையை உரித்து, முதுகில் சுமந்து, ஊருக்குக் கொண்டுபோய் விற்கிறான். உணவும் கருவிகளும் வாங்கிக்கொண்டு திரும்புகிறான். முதல் பக்கங்களிலேயே சந்தை வந்துவிடுகிறது. பிறகு அரசு அதிகாரி வந்து, இந்த நிலம் அரசுடையது, விலை கொடுத்து வாங்க வேண்டும் என்கிறார். காடு யாருடையதும் இல்லாமல் இருக்கவில்லை. அதைவிட முக்கியமானது, அந்தக் காட்டு வழியாகச் சாமி மக்கள் ஏற்கெனவே போய்வந்துகொண்டிருக்கிறார்கள். கலைமான் மேய்த்தும் மீன் பிடித்தும் வேட்டையாடியும் வடக்கில் வாழ்ந்த பழங்குடிகள் அவர்கள். நாவல் அவர்களைத் தீய சகுனம் போலவும் பிச்சை கேட்டு வருபவர்கள் போலவும்தான் காட்டுகிறது. ஈசாக்கின் தன்னிறைவு தொடங்க வேண்டுமென்றால் நிலம் வெறுமையாக இருந்தாக வேண்டும். அதனால் அங்கே இருந்தவர்கள் கதையின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள்.

ஹாம்சுன் தன் நோபல் பதக்கத்தை 1943ல் கோயபல்ஸுக்குக் கொடுத்தவர். அதைக் கொண்டு நாவலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உழைப்பைப் பற்றி அவ்வளவு அழகாக எழுதிய நாவல்கள் குறைவு. மண்ணும் வேரும் பற்றிய கனவு அழகாக இருக்கும்போது, அந்தக் கனவிலிருந்து யார் வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது வாசகரின் வேலை. அவ்வளவுதான்.

இனி கடலுக்கு வருவோம். நோர்வேயின் வடமேற்கே லோஃபோட்டன் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, பாரன்ட்ஸ் கடலிலிருந்து கொட் மீன்கள் முட்டையிட அங்கே வருகின்றன. 'ஸ்க்ரை' என்று அவற்றுக்குப் பெயர். வடக்கின் கரையோரத்திலிருந்து ஆண்கள் எல்லோரும் படகேறி அங்கே போய்விடுவார்கள். கோடையில் அவர்கள் விவசாயிகள், குளிர்காலத்தில் மீனவர்கள். இங்கே இதற்கு 'மீன்கார விவசாயி' என்ற பொருளில் ஒரு சொல்லே உண்டு.

அந்த நான்கு மாதமும் வீட்டை நடத்தியது யார்? பெண்கள். மாட்டைக் கறந்தது, சாணம் அள்ளியது, கம்பளி நூற்றது, பிள்ளை பெற்றது எல்லாம் அவர்கள். வைக்கோல் தீர்ந்துபோனால் கடற்பாசியையும் மீன் தலையையும் சேர்த்து அவித்து மாட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கணவன் திரும்பி வருவானா, கடலோடு போய்விடுவானா என்பதும் தெரியாது. யோஹான் போயர் 1921ல் எழுதிய 'கடைசி வைக்கிங்' நாவலில் இந்த வாழ்க்கை இருக்கிறது. தமிழில் வந்திருக்க வேண்டிய நாவல்களில் ஒன்று அது.

பிடித்த மீனை என்ன செய்வார்கள்? தலையை வெட்டி, குடலெடுத்து, இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். உப்புப் போடுவதில்லை. வெப்பநிலை உறைநிலையை ஒட்டி மேலும் கீழுமாக இருக்கும். கடற்காற்று வீசிக்கொண்டே இருக்கும். ஈ வராத குளிர், கல்லாக உறையாத குளிர். மே மாதமளவில் மீன் விறகுக்கட்டை போல ஆகிவிடும். பல ஆண்டுகள் கெடாது. ஈரலிலிருந்து எண்ணெய். தலைகளும் காய்ந்து இன்று நைஜீரியாவுக்குப் போகின்றன. நாக்கை வெட்டியெடுப்பது சிறுவர்களின் வேலை. அதை விற்ற காசு அவர்களுக்கே.

நம் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும். இவர்களுக்குக் காற்றும் குளிரும். யாழ்ப்பாணத்தில் பனங்கிழங்கை ஒடியலாகவும் புழுக்கொடியலாகவும் காயவைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிப் பனாட்டு ஆக்கியதை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரிலும் தன்னிறைவு என்பது அறுவடை நாளில் தெரிவதில்லை. பஞ்ச மாதத்தில் அடுக்களைப் பரணில் என்ன இருந்தது என்பதில்தான் தெரியும். காயவைத்தல் என்ற அந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் செய்தார்கள். கவிதையில் வலை வீசுகிறவன்தான் வருகிறான்.

லோஃபோட்டன் மக்கள் அந்த மீனை மட்டும் தின்று வாழவில்லை. அந்தக் குளிரில் தானியம் போதுமான அளவு விளையாது. உலர்மீனைக் கப்பலேற்றித் தெற்கே பேர்கன் நகரத்துக்குக் கொண்டுபோய்த் தானியத்தோடு திரும்பினார்கள். பியேத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகர் கப்பல் உடைந்து 1432ன் தொடக்கத்தில் ரோஸ்ட் தீவுப் பக்கம் ஒதுங்கினார். உலகத்தின் விளிம்பில் இருந்த அந்தத் தீவும் மீனைக் கொடுத்துத் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டுதான் வாழ்ந்தது என்பது அவர் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து தெரிகிறது.

நம் நெய்தல் நிலத்தில் என்ன நடந்தது? சங்கப் பாடல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். பரதவர் மகளிர் மீனைக் கொடுத்து நெல் வாங்குகிறார்கள். உமணர் உப்பை வண்டியிலேற்றி உள்நாட்டுக்குப் போகிறார்கள். உப்புக்கு நெல் என்று தெருவில் கூவி விற்கும் பெண் அகநானூற்றில் வருகிறாள். ஐந்திணைகளை நாம் ஐந்து தனித்தனி உலகங்களாகப் படித்துவிட்டோம். ஒரு திணையின் பொருள் இன்னொரு திணையின் அடுப்புக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

கொடுக்கல் வாங்கல் இருந்தால் கடனும் இருக்கும். வடநோர்வே மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேர்கன் வணிகர்களுக்குக் கடன்பட்டிருந்தார்கள். மீன்பிடித் துறைகளில் குடிசைகளும் இறங்குதுறையும் முதலாளிக்குச் சொந்தம். குடிசையில் தங்க வேண்டுமென்றால் மீனை அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே விற்க வேண்டும். 1938ல் வந்த சட்டம்தான் மீனவர்களின் சொந்த விற்பனை அமைப்புக்கு முதல் விற்பனை உரிமையைக் கொடுத்தது. நோர்வேக்காரர்கள் பெருமையாகப் பேசும் சுதந்திர மீனவனை உருவாக்கியது தனிமனித வீரம் மட்டுமில்லை. சங்கமும் சட்டமும் சேர்ந்து உருவாக்கிய மனிதன் அவன்.

இதையே நம் ஊருக்குத் திருப்பிப் பார்ப்போம். "எல்லாம் இருந்தது" என்று சொல்லும்போது, பனை ஏறியவர் யார், வயலில் இறங்கியவர் யார், துணி வெளுத்தவர் யார்? அவர்களில் எத்தனை பேருக்கு நம் கிணற்றில் தண்ணீர் அள்ள உரிமை இருந்தது? நம் வீட்டுத் தன்னிறைவு அவர்களுடைய குறைவின் மேல் நின்றது. ஊர் நினைவுகளை எழுதும் நாம் இதையும் சேர்த்து எழுதாவிட்டால், ஹாம்சுன் சாமி மக்களை ஓரத்தில் வைத்ததற்கும் நமக்கும் வேறுபாடு இல்லை.

வேட்டையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னோடு வேலை செய்த ஒருவர் ஒரு இலையுதிர்காலத்தில் என்னை எல்க் வேட்டைக்கு அழைத்துப்போனார். எல்க் என்பது குதிரையைவிடப் பெரிய மான். நான் துப்பாக்கி தொடவில்லை, தேர்வு எழுதாதவன் தொடவும் கூடாது. வேட்டைக்காரர் ஆவதற்கு ஒரு தேர்வு. பெரிய விலங்கு என்றால் ஒவ்வொரு ஆண்டும் குறிபார்த்துச் சுடும் சோதனை. எந்தக் குழு எத்தனை விலங்கு, ஆணா பெண்ணா கன்றா என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவானது. காயப்பட்ட விலங்கைத் தேட, பயிற்சி பெற்ற நாய் குழுவுக்கு இருந்தாக வேண்டும். காயப்படுத்தியவர் அதைத் தேடாமல் வீட்டுக்குப் போகக்கூடாது. அது சட்டம்.

அன்று பகல் முழுவதும் ஒரு மரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மாலையில் ஒரு கன்று விழுந்தது. தோலுரித்து, தொங்கவிட்டு, சில நாள் கழித்து இறைச்சியைப் பங்கு வைத்தார்கள். சுட்டவருக்கும், நாயோடு நடந்தவருக்கும், சும்மா உட்கார்ந்திருந்த எனக்கும் பங்கு. முழங்கால் வலியால் வர முடியாமல் போன ஒரு முதியவர் வீட்டுக்கும் ஒரு பொதி போனது. காட்டில் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கும், எடுத்ததை யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்பதற்கும் ஒழுங்கு இருந்தது. எனக்கு அந்த வேட்டையில் மனத்தில் நின்றது துப்பாக்கிச் சத்தம் அல்ல, அந்தப் பொதிதான்.

இந்த ஒழுங்கு உடைந்தால் என்ன ஆகும்? 1890ல் லோஃபோட்டனில் துரோல்ஃபியோர்ட் என்ற குறுகிய கடல்வாயை நீராவிக் கப்பல்கள் வலையால் அடைத்துக்கொண்டன. உள்ளே மீன் நிறைந்திருந்தது. துடுப்பும் பாயும் வைத்திருந்த சிறு படகுக்காரர்கள் வெளியே நின்றார்கள். பெரிய கைகலப்பு நடந்தது. போயரின் நாவலில் அந்தக் காட்சி வருகிறது. அந்த 1890களிலேயே, எந்தக் கடற்பகுதியில் எந்தக் கருவி, எத்தனை மணிக்குப் படகு இறங்கலாம் என்பதை மீனவர்களே தங்கள் பிரதிநிதிகள் மூலம் முடிவு செய்யும் முறை சட்டமானது. ஆனால் 1990ல், மீன் குறைந்தபோது, கொட் மீன்பிடிக்குப் படகுவாரியாக ஒதுக்கீடு வந்தது. முந்தைய ஆண்டுகளில் நிறையப் பிடித்தவர்களுக்கே பங்கு கிடைத்தது. கொஞ்சமாகப் பிடித்து, கொஞ்சம் ஆடு வளர்த்து, கொஞ்சம் பழம் பொறுக்கி வாழ்ந்த கரையோரச் சாமி மக்கள் பலர் வெளியே நின்றார்கள். பல தொழில் செய்து வாழ்ந்ததே அவர்களுக்குத் தண்டனையாகிவிட்டது.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் சிலருக்கு இப்போது பாக்கு நீரிணை நினைவுக்கு வந்திருக்கும். நோர்வேக்கும் நம் கடல்களுக்கும் பழைய உறவு உண்டு. 1952ல் இந்தியாவும் நோர்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஒப்பந்தம் செய்து, கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் ஒரு மீன்வளத் திட்டம் தொடங்கினார்கள். மீனவர் வாழ்வை உயர்த்தும் நோக்கம். அதன் வழியே இயந்திரப் படகும், பிறகு இறால் ஏற்றுமதியோடு இழுவைமடியும் பரவின. கட்டுமரக்காரர்களுக்கும் இழுவைப்படகுகளுக்கும் மோதல் வந்தது. 1988ல் கேரளம் மழைக்காலத்தில் இழுவைமடிக்குத் தடை போட்டது. நம் காரைநகரிலும் சீநோர் படகுத்துறை இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள்.

இன்று பாக்கு நீரிணையில் கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும் மடிகளால் வடபகுதி மீனவரின் வலைகள் அறுந்துபோகின்றன. போர்க்காலத்தில் கடலுக்குப் போகவே தடை இருந்தது. தடை நீங்கியபோது இழுவைப்படகுகள் வந்தன. இலங்கை 2017ல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அந்தப் பக்கப் படகுகளில் கூலிக்கு வரும் தமிழனும் ஏழைதான், கைதாவதும் அவன்தான். முதலாளி கரையில் இருக்கிறார். இரண்டு பக்கமும் நம்மவர்கள் என்பதால் இதைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம். பேசாமல் இருப்பதால் கடலடி மீண்டும் வளர்ந்துவிடாது.

எண்பதுகளில் நம்மவர்கள் பலர் வடநோர்வேயின் ஃபின்மார்க்குக்கு வந்து, மீன் ஆலைகளில் நின்று மீன் வெட்டினார்கள். சூரியன் உதிக்காத மாதங்களில் வேலை செய்து ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். அவர்கள் வெட்டிய மீன் அதே பாரன்ட்ஸ் கடல் மீன். ஊரில் இருந்த பல குடும்பங்களின் "கையேந்தாத" வாழ்க்கைக்குள் அந்த ஆலைத் தொழிலாளியின் விறைத்த விரல்களும் இருக்கின்றன. அவர்களில் பலர் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

நோர்வேயில் பிறந்த நம் பிள்ளைகள் மலைக்குப் போகிறார்கள், தூண்டில் போடுகிறார்கள், சிலர் வேட்டைத் தேர்வும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். அவர்களிடம் ஊரைப் பற்றிச் சொல்லும்போது, "எங்களுக்கு யாரும் தேவைப்படவில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யார் யார் தேவைப்பட்டார்கள் என்று பெயர் பெயராகச் சொல்லுங்கள்.

என் நேரம் முடிந்துவிட்டது. கேள்விகள் இருந்தால் பேசலாம். மறுப்புகள் இருந்தால் இன்னும் நல்லது.