நடந்தால் நோய் குறையுமா?

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனை சார்பில் வழங்கப்பட்ட உரை)



 சர்க்கரை நோயாளிகளிடம் "தினமும் நடங்கள்" என்று நாங்கள் சொல்லும்போது பலருடைய முகத்தில் ஒரு சந்தேகம் தெரிகிறது. உங்களிலும் சிலர் கேட்டதுண்டு: மருந்து வாங்க வசதியில்லாத ஏழைக்குச் சொல்லும் வெறும் ஆறுதல்தானா இது? நியாயமான கேள்வி. நீங்கள் தியாகத்தோடு அனுப்பும் காணிக்கையால் நடக்கும் மருத்துவமனை, பயனற்ற ஒன்றை நோயாளிக்குச் சொல்லக்கூடாது.

சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஆனால் 1956-ல் அவரே சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பு இளவயதிலேயே பெரிதாக இருந்தது! அப்படியானால் நடந்ததால் சுகமா, சுகமாயிருந்தவர்கள் நடந்தார்களா?

இதைத் தீர்க்க ஒரே வழி, சீட்டுப் போட்டதுபோல் ஆட்களைப் பிரித்துப் பார்ப்பதுதான். அதைச் சென்னையிலேயே செய்தார்கள். டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். எந்த உதவியும் பெறாத குழுவில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவில் கவனமும் தினம் அரைமணி நேர வேக நடையும் கடைப்பிடித்த குழுவில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40.5 சதவீதம். அதாவது மாத்திரைக்கு இணையான பலன். அதுவும் எடை பெரிதாகக் குறையாமலே. உணவும் நடையும் சேர்ந்தே கொடுக்கப்பட்டதால் முழுப் பெருமையையும் நடைக்கே தர முடியாது. ஆனாலும் வெறும் ஆறுதல் இப்படி எண்ணிக்கையை மாற்றாது. வேலை செய்யும் தசை, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடந்தாலே அது தெரியும்.

அந்த ஆய்வில் எங்களுக்குப் பிடித்த ஒரு காரியம்: ஏற்கெனவே உடலுழைப்பு செய்தவர்களையும், தினமும் அரைமணிக்கு மேல் நடந்தோ சைக்கிள் மிதித்தோ போனவர்களையும் அப்படியே தொடரச் சொன்னார்கள். நம் புதுக்கோட்டைக்கு இது பொருந்தும். 1991-ல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் காலத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியாகக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். யாரும் உடற்பயிற்சி என்று மிதிக்கவில்லை. வேலைக்கும் தண்ணீருக்கும், எவர் தயவுமின்றி வெளியே போய்வரவும் மிதித்தார்கள். குவாரியில் கல் உடைக்கிற, வயலில் நாற்று நடுகிற சகோதரிக்கு நாங்கள் நடையைப் போதிப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும் நல்ல சாப்பாடும். கல்லாவில் உட்காரும் கடைக்காரருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும்தான் அந்த ஆலோசனை.

பத்தாயிரம் அடி நடந்தால்தான் பலன் என்று பயப்பட வேண்டாம். சராசரி வயது 72 ஆன அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2019-ல் வந்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களில் மரணம் 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு மேல் கூடுதல் லாபம் தெரியவில்லை. (லண்டன் கால்சட்டைக் கேள்வி இங்கேயும் உண்டு என்பதை மறைக்கவில்லை.)

நடக்கிறேன் என்று இன்சுலினை நிறுத்திவிட்டு வருகிறவர்களைக் கண்டால்தான் எங்களுக்கு வருத்தம். மருந்தோடு நடை, மருந்துக்குப் பதில் அல்ல. நடக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே நின்று மருத்துவரிடம் வர வேண்டும். பாதம் மரத்துப்போனவர்கள் முள் குத்தினாலும் அறியமாட்டார்கள். வெறுங்காலோடு நடந்தால் புண்ணாகி விரலை இழக்க நேரிடும். ஆகவே முதலில் பாதத்தைச் சோதித்து, எம்.சி.ஆர். செருப்பு போட்டுவிட்டு, அதன்பிறகுதான் அவர்களை நடக்க அனுப்புகிறோம். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு அந்தச் செருப்புகளுக்குப் போகிறது.