பழைய காரும் புதிய ஊரும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியமும் இசையும் மணக்கும் இம்மேடையில் மோட்டார் காரைப் பற்றி ஒருவன் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், உத்தியோகத்தின் பொருட்டுப் புனேக்கு வந்து சேரும் நம் இளைஞர்கள், வீடும் சமையல் எரிவாயுவும் அமைந்த பின்னர் அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி இதுதான்: "உற்சாகமாக ஓடக்கூடிய பழைய கார் ஒன்று நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்குமா?" வீட்டுப் பெரியவர்களோ, "குடும்பஸ்தனுக்கு எதற்கப்பா வேகக் கார்?" என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளிலும் நியாயம் உண்டு. இரண்டுக்கும் பொருந்தும் விடை ஒன்றைத் தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், காரோட்டும் இன்பம் எது என்பதைத் தெளிந்துகொள்வோம். அது வெறும் வேகமன்று. மும்பை–புனே விரைவுச் சாலையில்கூடச் சமவெளிப் பகுதியில் கார்களுக்கு மணிக்கு 100 கிலோமீட்டர்தான் எல்லை. அவ்வெல்லையை எந்தச் சாதாரணக் காரும் எட்டிவிடும். மிதித்தவுடன் தயங்காமல் இழுப்பதும், வளைவில் சாயாமல் நிற்பதும், திருப்பிய பக்கம் பணிந்து திரும்புவதுமே இன்பம். தாம்ஹிணி கணவாயிலும் சிங்ககட் மலைப்பாதையிலும் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. எடை குறைந்த, இழுவை மிகுந்த சிறு கார் ஒன்றே இதற்குப் போதுமானது. இரண்டே இருக்கை கொண்ட விலையுயர்ந்த வண்டி வேண்டுவதில்லை. அதில் மனைவி மக்களுக்கு இடமும் இராது.

நம் நற்பேறு என்னவெனில், அத்தகைய கார்கள் இந்தப் புனேயைச் சூழ்ந்த தொழிற்சாலைகளிலேயே உருவாயின. 2009-இல் சாகனில் திறக்கப்பட்ட வோக்ஸ்வாகன் தொழிற்சாலையில் 2022 வரையில் போலோ கார்கள் செய்யப்பட்டன. அவற்றுள் 2013-இல் வெளிவந்த ஜி.டி. டி.எஸ்.ஐ. என்னும் வகையில் 1.2 லிட்டர் எஞ்சினே உண்டு. ஆனால் அதனுடன் டர்போ என்னும் கருவி இணைந்திருக்கிறது. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரம் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்புகிறது. அதனால் அச்சிறு எஞ்சின் 105 குதிரைத் திறன் தருகிறது. ரஞ்சன்காவில் செய்யப்பட்டு 2015-இல் விற்பனைக்கு வந்த அபார்த் புன்டோ 145 குதிரைத் திறன் உடையது. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் பெற்றது. நம் மறைமலைநகரில் போர்டு நிறுவனம் செய்த பியஸ்டாவின் 1.6 லிட்டர் பெட்ரோல் வகையையும், வளைவுகளில் அதன் நடையைப் பாராட்டி, விரும்பித் தேடுவோர் இன்றும் உளர்.

இவற்றின் உற்பத்தி நின்றுவிட்டமையால், இனிப் பழைய வண்டிகளாகவே கிடைக்கும். உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும், பழுது பார்க்கும் கைதேர்ந்த மெக்கானிக் யார் என்பதை விசாரித்த பின்னரே முன்பணம் கொடுத்தல் வேண்டும். போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் உள்ள இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி போன்ற நுட்பமான கருவி பழுதானால் செலவு பெரிது. ஆகவே நெரிசலில் அரைமணி நேரமாவது ஓட்டிப் பார்த்து, தடுமாறாமல் கியர் மாறுகிறதா என்று கவனிக்க வேண்டும். கையிலுள்ள தொகை முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல், ஐந்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென ஒதுக்கி வைப்பது விவேகம்.

வண்டியைப் பார்க்கச் செல்லும்போது, எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையிலேயே செல்லுங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்த எஞ்சின் தன் நோயை மறைக்கும். ஆறிய எஞ்சினோ உண்மையைச் சொல்லும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் அந்த டயர் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஓடிய தூரம் குறைவென்று மீட்டர் காட்டினும், பெடல்களின் ரப்பரும் ஸ்டியரிங்கின் தோலும் தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். சர்வீஸ் புத்தகத்தை நம்புங்கள்.

நம் ஊருக்கே உரிய மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. 2019 செப்டம்பரில் ஆம்பில் ஓடை பெருக்கெடுத்தபோதும், 2024 ஜூலையில் சிங்ககட் சாலைப் பகுதியில் ஆற்று நீர் புகுந்தபோதும் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. அவ்வாறு நனைந்த வண்டி வெளிப்பார்வைக்குப் பளபளப்பாக இருக்கலாம். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இருக்கை வாரை முழுவதும் வெளியே இழுத்து, சேற்றுக் கறை உண்டா என்று பாருங்கள். மின்கம்பிகளில் ஈரம் தங்கிய வண்டி, வழியில் எந்த இடத்தில் நின்றுவிடும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான செய்திக்கு வருகிறேன். காரின் இன்பம் எஞ்சினில் இருக்கலாம். அதன் பாதுகாப்பு காகிதத்தில் இருக்கிறது. அக்கம் பக்கத்தார் என்ற நம்பிக்கையில் பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டு, "பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது நட்புக்கும் கேடு, பொருளுக்கும் கேடு. 2018-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, வண்டி எத்தனை கை மாறினும், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவரையே சாரும். ஊர் மாறிப் போகும் அவசரத்தில் காரை விற்றுச் செல்லும் அன்பர்கள் இதனை நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும்.

வாங்குபவருக்கும் இதில் பாடம் உண்டு. படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையொப்பம் பெற்று, 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தல் வேண்டும். காப்பீட்டை 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். பிறருக்கு நேரும் தீங்குக்கான காப்பீடு வண்டியோடு தொடரும். ஆனால், நம் வண்டிக்கே சேதம் நேர்ந்தால், பெயர் மாறாத பத்திரம் நமக்குக் கைகொடுக்காது. முந்தைய உரிமையாளர் பெற்றுவந்த 'நோ கிளெய்ம்' சலுகையும் அவரோடு போய்விடும். அது வண்டிக்கு உரியதன்று. வங்கிக் கடன் தீர்ந்ததா என்பதையும் பதிவுச் சான்றில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர்ச் சோதனைக்கு உட்படுத்தி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2013-இல் பதிவான வண்டிக்கு அக்கெடு 2028-இல் முடிகிறது என்பதை நினைவிற்கொண்டு விலை பேசுங்கள்.

"ஊரில் சித்தப்பாவின் கார் சும்மா நிற்கிறது, அதையே கொண்டுவரலாமே" என்று எண்ணுவோரும் உண்டு. தாராளமாகக் கொண்டுவரலாம். ஆனால் பிற மாநில வண்டி 12 மாதங்களுக்கு மேல் இங்கேயே தங்குமானால் புதிய பதிவெண் பெறுதல் சட்டம். அதற்குப் படிவம் 28-இன் வழியாக ஊரிலிருந்து தடையின்மைச் சான்று பெற்று, இங்கு மகாராஷ்டிர வரி செலுத்தி, அங்கு எஞ்சிய காலத்து வரியைத் திரும்பக் கோர வேண்டும். இந்த அலைச்சலையும் செலவையும் எண்ணிப் பார்த்தால், எம்.எச். 12 அல்லது எம்.எச். 14 எண் பெற்ற உள்ளூர் வண்டியே பலருக்கு மலிவாக முடியும்.

அன்பர்களே! பிறந்த ஊரை விட்டு வந்த நமக்குக் கார் என்பது ஆடம்பரப் பொருள் மட்டுமன்று. கோடை விடுமுறையில் கம்பாட்கி கணவாய் ஏறி, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர் வழியாக ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடந்து சென்னையை அடையும் பயணத்தில், முதிய பெற்றோரும் சிறு குழந்தைகளும் நம்மை நம்பி அதில் அமர்கிறார்கள். ஆகவே இளைஞர்களுக்கு நான் சொல்வது: விரும்பியதையே வாங்குங்கள், ஆறிய எஞ்சினைக் கேட்டு, காகிதத்தைப் படித்து வாங்குங்கள். பெரியவர்களுக்கு நான் விண்ணப்பிப்பது: பிள்ளைகளின் உற்சாகத்தைத் தடுக்காதீர்கள், அவர்களுடன் சென்று, பதிவுச் சான்றில் பெயர் மாறும் வரையில் துணை நில்லுங்கள்.